வளையம் நன்றாக வேலை செய்கிறது

பேருந்துப் பணிமனையில் அவரை எல்லோரும் லாரி என்றுதான் கூப்பிடுவார்கள். பேருந்து ஓட்டுகிற மனிதரை லாரி என்று கூப்பிடுவதில் இருந்த வேடிக்கை வருஷக்கணக்கில் தேய்ந்துபோய், பெயர் மட்டும் மிஞ்சிவிட்டது. அவரும் கோபித்துக்கொண்டதில்லை. உடம்பு அப்படி. ஓட்டுநர் இருக்கையில் அவர் ஏறி உட்கார்ந்தால் வண்டி அந்தப் பக்கமாக ஒரு பெருமூச்சு விட்டுச் சாயும்.

மனைவி இருந்தவரை அந்த உடம்புக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. அவள் போன பிறகு வீட்டில் பேச்சுக்குரல் இல்லாமல் போயிற்று. பேச ஆளில்லாத வாய், சாப்பிட்டுக்கொண்டே இருந்தது. ஒரு நாள் ஒரு திருப்பத்தில் ஸ்டீயரிங் தொப்பையில் உரசி நின்றது. பயணிகளுக்குத் தெரியவில்லை, பணிமனை மேலாளருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

“ஒண்ணு வயித்தைக் குறைங்க. இல்லன்னா வண்டியை விட்டு இறங்கி டிக்கெட் ஜன்னல்ல உட்காருங்க,” என்றார் மேலாளர்.

ஜன்னல் என்றதும் லாரிக்குப் பகீரென்றது. வீட்டில் அவர் முதுகுக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது, ஜன்னலிலும் அதேதான் இருக்கும். பேருந்திலோ எப்போதும் ஒரு கூட்டம். அவர்கள் இவரோடு பேசுவதில்லை, தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். அந்தச் சத்தம் இருந்தால் போதும் என்று வாழ்ந்துகொண்டிருந்த மனிதர் அவர்.

அப்படித்தான் அவர் உடல் எடை உயர் சிகிச்சை மையத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அது ஒரு பெரிய மருத்துவமனையின் மேல்மாடியில் இருந்தது. லிஃப்டில் ‘ஊழியர்களுக்கு மட்டும்’ என்று பலகை தொங்கியது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்கி வந்து சேர்கிறவர்களை, “உங்க சிகிச்சை கீழ்ப்படியிலயே ஆரம்பிச்சாச்சு!” என்று சொல்லி வரவேற்பாளர் கைகுலுக்குவாள். அவள் லிஃப்டில் வந்தவள்.

அங்கே அவருடைய இரைப்பையின் மேல்பக்கத்தில் ஒரு வளையத்தை மாட்டினார்கள். வளையத்திலிருந்து ஒரு மெல்லிய குழாய் கிளம்பி, விலா எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் புதைத்த ஒரு குமிழுக்கு வந்தது. குமிழில் ஊசி போட்டு உப்புநீர் ஏற்றினால் வளையம் இறுகும், எடுத்தால் தளரும். சைக்கிள் டியூப் மாதிரி என்று லாரி புரிந்துகொண்டார். அந்தப் புரிதலில் ஒரே ஒரு பிழை இருந்தது. சைக்கிள் கடையில், காற்று அதிகமாகிவிட்டது என்று சொன்னால் உடனே கொஞ்சம் எடுத்துவிடுவார்கள்.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஒரே தங்கையிடம்கூட, “குடல் இறக்கம், சின்ன ஆபரேஷன்,” என்று சொல்லிவைத்தார். தின்று கொழுத்துவிட்டு வயிற்றுக்குப் பூட்டு போட்டுக்கொண்டேன் என்று தங்கையிடம் எந்த வாயால் சொல்வது?

சில மாதங்கள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வளையத்தை முடுக்கும் நாள் வந்தது. அந்த மையத்தில் அது ஒரு விழா. லாரியை மேஜையில் படுக்கவைத்து, குமிழில் ஊசியைக் குத்தி, மருத்துவர் உப்புநீரை ஏற்றினார். ஊசி வெளியே வந்ததும் நர்ஸ் சுவரில் மாட்டியிருந்த பித்தளை மணியை அடித்தாள். அக்கம்பக்கத்து அறைகளிலிருந்து ஊழியர்கள் ஓடிவந்து கைதட்டினார்கள். சட்டைப் பொத்தானைப் போடுவதற்குள் யாரோ ஒருவர் அவருடைய கையில் ஒரு பலூனைக் கொடுத்தார். அதைப் பிடித்துக்கொண்டே லாரி அத்தனை மாடியும் இறங்கி வந்தார். கொஞ்சம் கூச்சமாகவும், கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. அவருக்காக யாரும் கைதட்டி வெகுகாலம் ஆகிவிட்டது.

சொல்லியிருந்தபடி கொஞ்ச நாள் சூப்பு, பிறகு கூழாகக் கடைந்தது என்று இருந்துவிட்டு, ஒரு மதியம் பணிமனைச் சாப்பாட்டு மேஜையில் ரொட்டியை விண்டு வாயில் போட்டார்.

அவர் பக்கத்தில் எப்போதும் உட்காருகிறவர் நடத்துநர் சில்லறை. யாருக்கும் மீதிச் சில்லறை தராததால் வந்த பெயர். சில்லறை ஏதோ ஒரு பயணியைப் பற்றிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். லாரியும் சிரித்தபடி விழுங்கினார். ரொட்டி இறங்கிற்று, இறங்கிற்று, நின்றுவிட்டது. நெஞ்செலும்புக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி ஒரு வலி. அது தோளுக்கு ஏறியது. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே வந்தது. விழுங்கினால் அதுவும் இறங்காமல் நுரைத்து மேலே வந்தது. அவர் எழுந்து, நிறுத்தியிருந்த வண்டிகளுக்குப் பின்னால் போய், சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். ரொட்டி போனபடியே திரும்பி வந்தது.

“என்னாச்சு லாரி?” என்று அங்கிருந்தே சில்லறை குரல் கொடுத்தார்.

“ஒண்ணுமில்ல. ஃபோன் வந்துச்சு.”

மறுநாளும் ஃபோன் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. பிறகு அவர் மேஜைக்கு வருவதை நிறுத்திவிட்டு, காலி வண்டியின் கடைசி இருக்கையில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். ஒரு வாய், நீண்ட காத்திருப்பு, இறங்கினால் இன்னொரு வாய். இறங்காவிட்டால் பிளாஸ்டிக் பை. அங்கிருந்து பார்த்தால் மேஜை தெரியும். அவர்கள் சிரிப்பது தெரியும், எதற்கென்று கேட்காது.

மேஜையில் அவரைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். “உடம்புல குறைஞ்சதெல்லாம் தலைக்கு ஏறிடுச்சு,” என்றார் சில்லறை.

லாரி மையத்துக்குப் போனார். மாடி ஏறினார்.

“சாப்பிட்டா வலிக்குதும்மா,” என்றார் வரவேற்பாளரிடம்.

அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “சார், இங்க அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது. மத்தவங்க மனசு உடைஞ்சிடும். ‘தெரியுது’ன்னு சொல்லுங்க.”

“என்ன தெரியுது?”

“வளையம் இருக்கறது தெரியுது.”

“ரொம்பத் தெரியுதும்மா,” என்றார் லாரி.

அவள் அவரை உணவு ஆலோசகரிடம் அனுப்பினாள். ஆலோசகர் அவர் பேச வாய் திறக்கும் முன்பே எடை பார்க்கும் மேடையில் ஏறச் சொன்னார். முள் சரிந்து நின்ற இடத்தைப் பார்த்ததும் ஆலோசகருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“அடேங்கப்பா! என்ன சாப்பிடறீங்க?”

“ஒண்ணும் சாப்பிட முடியல சார்.”

“அற்புதம்! அதையே தொடருங்க.”

“இல்ல சார், சாப்பிட்டா இங்க வந்து நிக்குது. திரும்பி வந்துடுது.”

“திரும்பி வந்துடுதுல்ல? அப்ப உள்ள போகல. உள்ள போகலன்னா வளையம் நல்லா வேலை செய்யுது.” ஆலோசகர் எழுந்துபோய் மணியை அடித்தார். ஊழியர்கள் ஓடிவந்து கைதட்டினார்கள். லாரிக்கு இன்னொரு பலூன் கிடைத்தது.

அடுத்த தடவை போனபோது அவரை மெல்லும் வகுப்பில் சேர்த்தார்கள். குற்றம் வளையத்தில் இருக்க வாய்ப்பில்லை, அது உயர்தரமானது. ஆகவே குற்றம் பல்லில் இருக்க வேண்டும் என்பது மையத்தின் முடிவு. ஒரு கூடத்தில் பருமனானவர்களும் பருமனாயிருந்தவர்களும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஆசிரியை. உணவு கொடுத்தால் பாடத்தில் கவனம் சிதறும் என்பதால், கற்பனைக் கவளத்தைத்தான் மெல்ல வேண்டும்.

“கண்ணை மூடிக்கங்க. கையில ஒரு துண்டு ஆப்பிள் இருக்கு. வாயில போடுங்க. மெல்லுங்க... மெல்லுங்க... யாரது அதுக்குள்ள விழுங்கினது?”

ஒரு தையல்கார அம்மாள் பயந்துபோய், “நான் இல்லைங்க,” என்றாள்.

லாரி கண்ணை மூடிக்கொண்டு இல்லாத ஆப்பிளை மென்றார். விழுங்கச் சொன்னபோது விழுங்கினார். உண்மையில், அந்த வாரம் அவருக்குச் சிரமமில்லாமல் இறங்கிய ஒரே சாப்பாடு அதுதான். வகுப்பின் முடிவில் எல்லோரும் தேர்ச்சி பெற்றதாக அறிவித்தார்கள். லாரி தையல்கார அம்மாளிடம், “உங்களுக்கும் தெரியுதா?” என்று கேட்டார். அவள் வாசலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு வேகமாகப் போய்விட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். பல சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டு, இனி தள்ள முடியாது என்ற நிலைமையில் போனார்.

“என்ன அண்ணா, பாதி ஆளாயிட்டே!” என்று வாசலிலேயே அவள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். “சரியா சாப்பிடறதே இல்லையா? உட்காரு, உட்காரு.”

மேஜை நிறையச் செய்துவைத்திருந்தாள். கோழி, உருளைக்கிழங்கு, முட்டை, மிருதுவான ரொட்டி. சின்ன வயதில் ஒரு தட்டில் சாப்பிட்டவர்கள். அவருக்கு எது எது பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவள் கண் முழுக்க அவருடைய கையில் இருந்தது. லாரி ஒரு கோழித்துண்டை மிகச் சின்னதாக விண்டு, வகுப்பில் மென்ற மாதிரியே மென்று, கடவுளே என்று விழுங்கினார்.

அது வளையத்தின் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டது.

“எப்படி இருக்கு மாமா?” என்றாள் தங்கை மகள்.

லாரியால் பதில் சொல்ல முடியவில்லை. வாய் நிறைய நுரை. கையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து குளியலறைக்கு ஓடினார். குழாயை முழுசாகத் திறந்துவிட்டும் சத்தம் வெளியே கேட்டது. முகம் கழுவிக்கொண்டு மேஜைக்குத் திரும்பினார். தங்கையின் கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என் கைச் சாப்பாடு வாந்தி எடுக்கற அளவுக்கு ஆயிடுச்சா அண்ணா?” என்றாள் தங்கை. கோபமாகக்கூட இல்லை, அடங்கிய குரலில் கேட்டாள்.

“அதெல்லாம் இல்லம்மா. வெளியில ஏதோ சாப்பிட்டேன், ஒத்துக்கல.”

“வெளியில சாப்பிடுவே. இங்க வந்தா ஒரு வாய்க்கு மேல இறங்காது.”

அவர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது, கோழி மாதிரி அதுவும் நடுவில் நின்றுவிட்டது. சட்டை ஈரத்தோடு பேருந்து ஏறி வீட்டுக்குப் போனார். அடுத்த ஞாயிறு தங்கையிடமிருந்து ஃபோன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. அவருக்கு உண்மையிலேயே ஃபோன் வந்துகொண்டிருந்தது தங்கை வீட்டிலிருந்து மட்டும்தான்.

மையத்திலிருந்து மட்டும் அழைப்பு வந்தது. மையத்துக்குத் தரச்சான்று கொடுக்க ஒரு குழு வரப்போவதாகவும், மிக வேகமாக இளைத்தவர் என்ற முறையில் குழுவின் முன்னால் தோன்றும் பெருமை அவருக்குக் கிடைத்திருப்பதாகவும் சொன்னார்கள். லாரிக்குத் தண்ணீரே சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கிக்கொண்டிருந்த நேரம் அது. மையத்தின் இயக்குநரை நேரில் பார்க்கக் கிடைத்த ஒரே வாய்ப்பு என்று ஒத்துக்கொண்டார். அன்று மட்டும் அவருக்கு லிஃப்ட் அனுமதிக்கப்பட்டது. குழு வரும்போது படியில் யாராவது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தால் பார்க்க நன்றாயிருக்காது.

கூடத்தில் குழுவினர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இயக்குநர் எழுந்து பேசினார். நல்ல பேச்சாளர்.

“எங்க வெற்றி எப்படி இவ்வளவு பெரிசா இருக்குன்னு பலபேர் கேட்கறாங்க. இதுல ரகசியம் ஒண்ணும் இல்ல. வர்றவங்களை எடை பார்க்கறோம். வராம நின்னுட்டவங்களைக் குணமானவங்கன்னு கணக்குல வெச்சுக்கறோம். குணமானவங்க எதுக்குங்க ஆஸ்பத்திரிக்கு வரணும்?”

குழுத் தலைவர் அந்த நியாயத்தை வியந்து தலையாட்டினார்.

“இறுக்கின வளையத்தை யாருக்காவது தளர்த்த வேண்டி வந்ததா?” என்று கேட்டார்.

“ஒருத்தருக்குக்கூட இல்ல. ‘தளர்த்தணும்’னு யாராவது கேட்டா, அவங்களுக்கு ஆலோசனை கொடுப்போம். திரும்பவும் கேட்டா திரும்பவும் ஆலோசனை கொடுப்போம். கடைசியில கேட்கறதை நிறுத்திடுவாங்க. நோயாளியோட மனநிறைவுன்னு நாங்க சொல்றது அதைத்தான். சாப்பாட்டைப் பத்தி இந்த வருஷம் எங்களுக்கு ஒரு புகார்கூட வரல. இத்தனைக்கும் எங்க ஆளுங்க சாப்பிடறதே இல்ல!”

பிறகு லாரியை முன்னால் அழைத்தார். ஒரு தட்டில் வேகவைத்த முட்டைத் துண்டு ஒன்று இருந்தது. “இவர் இப்ப உங்க முன்னாலயே சாப்பிட்டுக் காட்டுவார்.”

“சார், ஒரு நிமிஷம் உங்ககிட்ட தனியா...” என்று லாரி ஆரம்பித்தார்.

“அப்புறம் பேசலாம். சாப்பிடுங்க,” என்று சிரித்தபடியே பல்லிடுக்கில் சொன்னார் இயக்குநர்.

இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க மறுக்கத் தெரியாத மனிதர். வாயில் போட்டார். மென்றார். விழுங்கினார். முட்டை போய் நின்ற இடத்தில் கத்தியைச் செருகியது போல வலித்தது. கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் வழிந்தது. பேச முடியாமல், ஒரு கையால் நெஞ்சைக் காட்டி, இன்னொரு கையால் இயக்குநரின் கோட்டைப் பிடித்தார்.

“நெஞ்சுல கைவெச்சு நன்றி சொல்றார் பாருங்க!” என்றார் இயக்குநர். அவருடைய குரலும் தழுதழுத்தது. “இதுக்குமேல நான் என்ன சொல்ல?”

மணி அடித்தது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். இவ்வளவு நெகிழ்ந்துபோன ஒரு நோயாளியைத் தன் பணிக்காலத்தில் பார்த்ததில்லை என்று குழுத் தலைவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

அந்தக் கைதட்டலுக்கு நடுவில்தான் லாரிக்கு அது விளங்கிற்று. இந்தக் கூடத்தில் அவர் செத்து விழுந்தாலும், எடை குறைந்துவிட்டது என்று மணி அடிப்பார்கள்.

வாயைப் பொத்திக்கொண்டு அவர் எதிர் அறைக்குள் போனார். வளையத்தை முடுக்கும் அறை அது. தொட்டியில் முட்டையைத் துப்பினார், வாய் கொப்பளித்தார், சட்டையைக் கழற்றினார், மேஜையில் ஏறிப் படுத்துக்கொண்டார்.

நர்ஸ் வந்து பார்த்துத் திடுக்கிட்டாள். “அண்ணா, இன்னைக்கு உங்களுக்கு நேரம் கொடுக்கலையே.”

“தண்ணியை எடுத்துவிடு தாயி. எடுக்காம நான் எந்திரிக்க மாட்டேன்.”

ஆலோசகர் வந்தார். மெல்லும் ஆசிரியை வந்து, கண்ணை மூடிக்கொண்டு வளையம் தளர்வதாகக் கற்பனை செய்யச் சொன்னாள். இருவர் சேர்ந்து தூக்கப் பார்த்தார்கள். எவ்வளவு இளைத்திருந்தாலும் லாரி லாரிதான்; அசைக்க முடியவில்லை. கடைசியில் இயக்குநரே வந்தார். பக்கத்து அறையில் குழுவுக்கு விருந்து தொடங்கியிருந்தது. கரண்டிச் சத்தமும் வறுத்த இறைச்சியின் வாசனையும் சுவரைத் தாண்டி வந்தன.

“என்ன பண்றீங்க நீங்க? அவங்க சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க!” என்று கிசுகிசுத்தார் இயக்குநர்.

“தண்ணிகூட இறங்கல சார்.”

“தண்ணியில சத்து ஒண்ணும் கிடையாதே. அது எதுக்கு உங்களுக்கு?”

லாரி கூரையைப் பார்த்தார். இத்தனை மாதங்களில் எத்தனையோ பேரிடம் எவ்வளவோ விளக்கியாயிற்று. இனி விளக்க ஒன்றும் இல்லை. “பசிக்குது சார்,” என்றார்.

அந்த மாடியில் அந்த வார்த்தையை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆலோசகர் தரையைப் பார்த்தார். என்ன செய்வது என்று தெரியாமல் ஆசிரியை கைதட்டப் போய், பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அந்த நேரத்தில் கதவு திறந்தது. கழிவறையைத் தேடி வந்த குழு உறுப்பினர் ஒருவர், கையில் துடைக்கும் தாளோடு நின்றார். மேஜையில் கிடந்தவரையும் சுற்றி நின்றவர்களையும் பார்த்தார். “இங்க என்ன நடக்குது?”

இயக்குநர் கண் சிமிட்டும் நேரம்கூடத் தயங்கவில்லை. “உங்களுக்குக் காட்டணும்னுதான் ஏற்பாடு பண்ணினோம். எங்களோட புது முயற்சி. இதுக்கு ‘முன்னேற்றத்துக்கான தளர்வு’ன்னு பேர். நர்ஸ், ஆரம்பிங்க.”

நர்ஸ் குமிழைத் தடவிப் பார்த்து ஊசியைச் செலுத்தி உப்புநீரை உறிஞ்சினாள். மாதக்கணக்கில் கேட்டது, ஒரு டீ குடிக்கிற நேரத்துக்குள் முடிந்துவிட்டது. ஒரு கோப்பைத் தண்ணீரை அவரிடம் நீட்டினாள். “குடிச்சுப் பாருங்கண்ணா. முடுக்கின அன்னைக்கே இப்படிக் குடிக்க வெச்சுப் பார்த்திருக்கணும். மணி அடிக்கற அவசரத்துல விட்டுப்போச்சு.”

லாரி குடித்தார். தண்ணீர் இறங்கியது. இறங்குகிற வழி முழுக்கக் குளிர்ச்சியாக இருந்தது. இன்னொரு கோப்பை கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு படியிறங்கினார். லிஃப்ட் மறுபடியும் ஊழியர்களுக்கு மட்டும் ஆகியிருந்தது.

மையத்துக்குச் சான்று கிடைத்தது. தளர்வை முதலில் கண்டுபிடித்தது தாங்கள்தான் என்று இயக்குநர் பல கூட்டங்களில் பேசினார். தொப்பை ஸ்டீயரிங்கைத் தொடாததால் லாரியின் வேலைக்கும் பங்கமில்லை. ஆனால் சாப்பாட்டு மேஜையில் அவருடைய இடத்தில் ஒரு மெக்கானிக் உட்கார்ந்து பழகிவிட்டார். “வாங்க, வாங்க,” என்று சில்லறை மரியாதையாக அழைத்தார். முன்பெல்லாம் ‘வாய்யா’ என்று கூப்பிட்டவர். லாரி ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டார். ரொட்டி இறங்கியது, பேச்சு ஒட்டவில்லை.

விடுமுறை நாள் ஒன்றில், சொல்லாமல் கொள்ளாமல் தங்கை வீட்டுக்குப் போனார். அவள் மட்டும்தான் இருந்தாள். துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்துவிட்டு, திரும்பப் போய் இஸ்திரியை எடுத்துக்கொண்டாள்.

“எங்க இவ்வளவு தூரம்?”

“பார்க்கணும்போல இருந்துச்சு.”

“சாப்பிடுன்னு சொல்ல மாட்டேன். எங்க வீட்டுச் சாப்பாடு உனக்கு ஒத்துக்காது.”

லாரி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். வளையம், உப்புநீர், வண்டியின் கடைசி இருக்கை, பிளாஸ்டிக் பை, இல்லாத ஆப்பிள். சொல்லும்போது அவள் ஒரே சட்டையின் ஒரே காலரைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முடித்ததும் இஸ்திரியின் சுவிட்சை அணைத்தாள்.

“குடல் இறக்கம்னு சொன்னே.”

“வெட்கமா இருந்துச்சும்மா.”

“யார்கிட்ட? என்கிட்டயா?” அவள் கண் நிறைந்துவிட்டது. “நான் கோழி சரியா வேகலையோன்னு எத்தனை நாள் நினைச்சுக்கிட்டு இருந்தேன் தெரியுமா? மடையா.” அண்ணனை அவள் அப்படிக் கூப்பிட்டது பள்ளிக்கூட நாளுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. “எங்க இருக்கு அது?”

அவர் விலாவுக்குக் கீழே தொட்டுக் காட்டினார். அவள் சட்டைக்கு மேலாக விரலை வைத்து அந்தக் குமிழைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சமையலறைக்குள் போய், உருளைக்கிழங்கை வேகவைத்து, பாலும் வெண்ணெயும் விட்டுப் பஞ்சாக மசித்து, இரண்டு தட்டில் கொண்டுவந்து வைத்தாள்.

“சின்ன வாயா எடு. நேரமாகும்னா ஆகட்டும்.”

நேரம் ஆகத்தான் செய்தது. ஒரு வாய் எடுப்பார், காத்திருப்பார், இறங்கியதும் தலையாட்டுவார். அவள் கையைக் கன்னத்தில் ஊன்றி அவரையே பார்த்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தாள். தன் தட்டை அவள் தொடவில்லை. அதிலிருந்து கிளம்பிய ஆவி மெலிந்து, நின்றும் போயிற்று.

“உன்னோடது ஆறிப்போச்சு பாரு,” என்றார் லாரி. “போய்ச் சூடு பண்ணிட்டு வந்து சாப்பிடேன்.”

“வேண்டாம். அதுக்கு எந்திரிச்சுப் போகணும்,” என்றாள் அவள்.